வரதராசாவின் தலை

முதலிலேயே ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், நீங்களாகக் கண்டுபிடித்து ஏசுவதற்கு முன். வரதராசா அண்ணரை ஒன்பது வருடம் நன்றாகப் பாவித்தவன் நான்.

இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. ஒஸ்லோவின் ஓரத்தில், ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்து மடித்துத் திருப்பி அனுப்புகிற பெரிய சலவை ஆலை. எங்களுக்குள் 'வஸ்கெரி' என்போம். நோயாளிக்கு ஞாயிறு திங்கள் உண்டா, அதனால் வஸ்கெரி வாரக் கடைசியிலும் ஓடும். என்னுடைய ஞாயிற்றுக்கிழமை வேலைமுறை, எங்கள் வாயில் 'வக்ட்', வருகிற கிழமைகளில், புதன்கிழமை கோப்பி நேரம் பார்த்து அவருக்குப் பக்கத்துக் கதிரையில் போய் இருப்பேன்.

"வரதண்ணை, இந்த ஞாயிறு என்ரை வக்ட்டை எடுக்கிறியளோ? எங்களுக்கு மட்ச் கிடக்கு."

அவருடைய தலை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக மெல்ல ஆடும். வாய் திறக்க மாட்டார். திறக்கவேண்டிய தேவையும் இல்லை. நான் அப்போது பக்கத்து நகரமான திராமனில் ஆடுகிற தமிழ் மூத்தோர் கிரிக்கெட் அணிக்குத் தலைவன். தலைவன் இல்லாமல் அணி எப்படிப் போகும்? அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் மட்டும் அந்தத் தலை ஆடியது என்று நினைக்க வேண்டாம். கோயிலில் வாகனத் தரிப்பிடத்தில் நிற்க ஆள் வேண்டுமென்றால் ஆடும். வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் தூக்க வேண்டுமென்றால் ஆடும். அவருடைய காரை யாராவது ஒரு கிழமைக்குக் கேட்டாலும் ஆடும். 'தலையாட்டிப் பொம்மை' என்று அவருக்குப் பட்டம் வைத்தது யார் என்று கேட்காதீர்கள். விமலாக்கா, அவருடைய மனைவி விமலாதேவி, இன்னும் ஒரு படி மேலே போய், "இவருக்குக் கழுத்திலை எலும்பு வைக்க மறந்துபோச்சினம்" என்பார்.

ஆளைச் சொல்கிறேன். சாவகச்சேரிக்காரர். எண்பத்தேழில் நோர்வேக்கு வந்தவர். நான் சொல்லப்போகிற வருடம் 2006. அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. கட்டையான, தோள் அகன்ற உருவம். வஸ்கெரியில் அவருடைய இடம் சோதனைப் பட்டி. உருளைக்குள்ளால் காய்ந்து வருகிற வெள்ளைப் படுக்கை விரிப்புகள் அவர் முன்னால் பட்டியில் ஓடும். எங்காவது கறை தெரிந்தால் இழுத்து எடுத்துத் திரும்பவும் கழுவப் போட வேண்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு விரிப்புப் போய்விடும். நான் அந்த இடத்தில் ஒரு நாள் நின்று பார்த்தேன். அரை மணித்தியாலத்தில் எனக்கு எல்லா விரிப்பும் கறையாகத் தெரிந்தது. அவர் பன்னிரண்டு வருடம் நின்றார்.

இப்படிப்பட்டவர் பேஸ்போலுக்குப் போன கதை வேடிக்கையானது. அவர்களுடைய மகள் வினோஜா பள்ளிக்கூடச் சிநேகிதிகளோடு லோரன்ஸ்கூக்கில் ஒரு பேஸ்போல் கழகத்தில் சேர்ந்தாள். அது 2003. பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். நோர்வேயில் பிள்ளையை எந்தக் கழகத்தில் சேர்த்தாலும் தாய் தகப்பனும் ஏதாவது ஒரு வேலையைச் சும்மா செய்து கொடுக்க வேண்டும். 'டுக்னாட்' என்பார்கள், எங்கள் ஊர்ச் சிரமதானம்தான். ஒருவர் கேக் சுட ஒத்துக்கொண்டார், ஒருவர் புல் வெட்ட ஒத்துக்கொண்டார். நடுவராக நிற்க யார் என்று கேட்டபோது எல்லோரும் ஏதாவது சாட்டுச் சொன்னார்கள். வரதண்ணை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்பது நோர்வேக்காரருக்கும் தெரியும், பெயரை எழுதிவிட்டார்கள். வினோஜா இரண்டு மாதத்தில் அலுத்துப்போய்க் கழகத்தை விட்டு விலகினாள். தகப்பன் விலகவில்லை.

நோர்வே மொழியில் விளையாட்டு நடுவருக்கும் நீதிமன்ற நீதிபதிக்கும் ஒரே சொல், 'டொம்மர்'. விமலாக்கா யாருக்கோ தொலைபேசியில், "இவர் இப்ப டொம்மர்" என்று சொல்லப்போக, அது நாலு வாய் மாறி, சாரதி அனுமதிப்பத்திரம் பறிபோன ஒருவர் வழக்குக் கட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார். வரதண்ணை அவரையும் இருத்தி, தேத்தண்ணீர் கொடுத்து, முழுக் கதையையும் தலையாட்டிக் கேட்டு அனுப்பினாராம்.

எனக்குப் பேஸ்போல் பிடிக்காது. கிரிக்கெட் ஆடிய கை அதை எப்படி மதிக்கும்? ஆனாலும் அவர் விளங்கப்படுத்தியதை உங்களுக்கும் சொல்லவேண்டும். ஒருவர் எறிவார். அடிப்பவர் தடியோடு நிற்பார். அடிப்பவருக்குப் பின்னால் பெரிய கையுறையோடு ஒருவர் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பார். அவருக்கும் பின்னால், அவருடைய தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு, முகமூடியும் நெஞ்சுக் கவசமும் போட்டு நிற்பவர்தான் நடுவர். நிலத்தில் ஐந்து மூலையில் ஒரு வெள்ளைத் தட்டுப் பதித்திருக்கும். எறிகிற பந்து அந்தத் தட்டுக்கு மேலால், அடிப்பவரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையால் போனால் நடுவர் 'ஸ்ட்ரைக்' என்று கத்த வேண்டும். விலகிப் போனால் 'போல்'. மூன்று ஸ்ட்ரைக் என்றால் அடிப்பவர் வெளியே. நாலு போல் என்றால் அவருக்கு முதல் தளம் இனாம். மூன்று தளத்தையும் சுற்றித் தட்டுக்குத் திரும்பி வந்தால் ஒரு ஓட்டம்.

"அப்ப, பந்தைப் பாத்துப் பந்து எண்டு சொல்லுறதுக்கு ஒரு ஆளோ அண்ணை?" என்று வஸ்கெரி முழுக்கக் கேட்கக் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் தலையாட்டிச் சிரித்தார்.

மூன்று வருடத்தில் சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்திலிருந்து பெரியவர்களின் லீக் வரைக்கும் வந்துவிட்டார். லீக் ஆட்டத்துக்கு இரண்டு நடுவர்கள். ஒருவர் தட்டுக்குப் பின்னால், மற்றவர் மைதானத்துக்குள், ஓடுகிறவர்களைப் பார்க்க. தட்டு நடுவர்தான் பெரியவர். அந்த இடத்தில் வரதண்ணை நின்றார், 2006 ஜூன் மாதம் வரைக்கும்.

ஜூனில் ஒரு ஞாயிறு. ஸ்தைனார் என்று ஒரு எறிகாரன், நல்ல உயரம், நல்ல வேகம், வாயும் நல்ல நீளம். ஆட்டத்தின் நடுவில் பந்தை நிலத்தில் போட்டுவிட்டு நேரே வந்து, இந்த நடுவர் ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு தரம் தீர்ப்புச் சொல்கிறார், முதலில் ஒன்று, பிறகு வேறொன்று, இவரை நம்பி எப்படி எறிவது என்று எல்லோர் முன்னாலும் கத்தினானாம். வரதண்ணைக்கு அவன் என்ன சொல்கிறான் என்றே விளங்கவில்லை. ஒரு தரம்தானே சொன்னேன் என்று நினைத்தாராம். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நான் ஆறுதல் சொன்னேன்.

ஆனால் அவன் எழுத்திலும் முறையிட்டுவிட்டான். நடுவர்களைப் பிரித்து அனுப்புகிற பொறுப்பு ரங்ஹில்ட் என்ற பெண்ணுடையது. ஐம்பது கடந்தவர், பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிப்பவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். வரதண்ணையைக் கூப்பிட்டுச் சொன்னார்: தாழ்வாக வருகிற பந்துகளில் நீ நிறையத் தவறவிடுகிறாய். இனிமேல் மைதானத்துக்குள் நில். ஓகஸ்ட் கடைசி ஞாயிறு ஒரே ஒரு ஆட்டத்துக்குத் தட்டுக்குப் பின்னால் விடுகிறேன், நான் பின்னால் இருந்து எழுதுவேன். சரியாக நின்றால் தட்டு உனக்கு. இல்லாவிட்டால் இனித் தட்டு இல்லை.

இதை மறுநாள் சோதனைப் பட்டிக்குப் பக்கத்தில் நின்று எனக்குச் சொன்னார். முகம் வாடிப்போயிருந்தது.

"விடுங்கோ அண்ணை. அங்கை நிண்டால் என்ன, இஞ்சை நிண்டால் என்ன, சும்மா செய்யிற வேலைதானே" என்றேன்.

அவர் பட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "செல்வம், இஞ்சை நான் கறை எண்டு எடுத்துப் போட்டால் அதைப் போர்மன் திருப்பிப் பாப்பான். அவன் இல்லையெண்டால் நான் திருப்பி வைப்பன். வீட்டிலை, கோயிலிலை, எங்கையும் அப்பிடித்தான். அந்தத் தட்டுக்குப் பின்னாலை மட்டும் நான் ஒண்டைச் சொன்னால் சொன்னதுதான். அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கக் கூடாது எண்டு சட்டப் புத்தகத்திலையே கிடக்கு. இந்த நாட்டிலை எனக்கு அப்பிடி ஒரு இடம் வேறை இல்லை."

"சரி, நான் படம் பிடிச்சுத் தாறன். எங்கை பிழையெண்டு பாப்பம்" என்றேன். என்னிடம் ஒரு வீடியோ கமெரா உண்டு. தமிழர்களின் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று வாரக் கடைசிகளில் படம் பிடிக்கிறவன் நான்.

அடுத்த கிழமை ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவர் தட்டுக்குப் பின்னால் நின்றார். எறிகிறவருக்குப் பின்பக்கம், வேலிக்கு வெளியே நின்று முழுவதையும் பிடித்தேன். அன்றிரவுச் சாப்பாட்டுக்கு முன்னம் அவர்களுடைய வீட்டு இருக்கையறையில் போட்டுப் பார்த்தோம். நான், அவர், விமலாக்கா. நாலு தரம் பார்த்தோம். நிற்கிற விதம் சரி. குனிகிற விதம் சரி. குரல் கணீரென்று இருந்தது. "வடிவாத்தானே செய்யிறியள், அவனுக்கு என்ன விசர்" என்றார் விமலாக்கா. நான் ஆமோதித்துத் தலையாட்டினேன். அவரும் ஆட்டினார். மூன்று பேருக்கும் ஒரு பிழையும் தெரியவில்லை.

நாடாவைக் கொண்டுபோய் ரங்ஹில்ட்டிடம் காட்டினோம். முதல் பந்திலேயே நிறுத்தினார்.

"இது" என்றார்.

"எது?" என்றேன் நான்.

"தலை."

"தலைக்கு என்ன?"

அந்த அம்மா எழுந்து நின்று, தன் தலையை இரண்டு தோளுக்குமாக ஆட்டிக் காட்டினார். நான் எங்களோடு ஒத்துப்போகிறார் என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் விளங்கியது. பந்து நல்லபடியாக வந்து கையுறைக்குள் விழுகிற போதெல்லாம், வாய் திறப்பதற்கு முன்னமே வரதண்ணையின் தலை ஆடுகிறது. நல்ல பந்து, சரியான பந்து என்று, நாதஸ்வரக் கச்சேரிக்கு முன்வரிசையில் இருக்கிறவரைப்போல. எதிரே நிற்கிற எறிகாரனுக்கு முகமூடிக்குள் முகம் தெரியாது, ஆட்டம் மட்டும்தான் தெரியும். அவனுக்குத் தலை பக்கவாட்டில் ஆடினால் 'இல்லை'. ஆக முதலில் 'இல்லை' வருகிறது, பிறகு 'ஸ்ட்ரைக்' வருகிறது. ஸ்தைனார் பொய் சொல்லவில்லை. இரண்டு தீர்ப்பைத்தான் அவன் பார்த்திருக்கிறான்.

"அது இல்லை எண்டு ஆட்டேல்லை. அது ஓம்" என்று வரதண்ணை நோர்வே மொழியில் விளங்கப்படுத்தினார். சொல்லும்போதே தலை ஆடியது.

"ஓம் என்றாலும் பிழைதான்" என்றார் ரங்ஹில்ட். "தலை ஆடும்போது கண்ணும் ஆடுகிறது. கண் ஆடினால் பந்து ஆடுவதுபோலத் தெரியும். அதனால்தான் தாழ்ந்த பந்து உனக்குத் தப்புகிறது."

நாலு தரம் பார்த்தும் மூன்று தமிழர்களுக்குத் தெரியாத பிழை. எங்களுக்கு அது தலையாட்டலே இல்லை, மூச்சு விடுகிற மாதிரி. மூச்சு விடுகிறானா என்று யார் படம் போட்டுப் பார்ப்பார்கள்?

அன்றிலிருந்து பயிற்சி தொடங்கியது. ரங்ஹில்ட் சொல்லிக் கொடுத்தது இதுதான். அடிப்பவருக்கும் பிடிப்பவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் தலையைக் கொண்டுபோய் வை. காலை அகட்டு. பந்து எறிகிற கையை விட்டதிலிருந்து கையுறைக்குள் போகும்வரை கண்மணி மட்டும் அசையட்டும். போன பிறகும் அவசரப்படாதே. ஒரு மூச்சு விடு. அதற்குப் பிறகு முடிவு, அதற்குப் பிறகு குரல். ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டுப் பந்துக்குக் காத்திருக்கிறவன் நடுவன் இல்லை.

வரதண்ணை இதை வஸ்கெரிக்குக் கொண்டுவந்தார். தலையை ஒரு இடத்தில் வைத்துக்கொண்டு, கண்மணியை மட்டும் ஓட்டி, பட்டியில் போகிற விரிப்புகளைப் பார்த்தார். ஒரு விரிப்பு, ஒரு மூச்சு, உதட்டுக்குள் ஒரு சொல். கிட்டப் போய்க் கேட்டேன். சுத்தமான விரிப்புக்கு 'ஸ்ட்ரைக்', கறைக்குப் 'போல்'.

வீட்டுப் பயிற்சி விமலாக்கா. சோறு போடட்டோ, மீன் இன்னும் ஒண்டு வைக்கட்டோ என்று கேட்பார். வாயால்தான் பதில் சொல்ல வேண்டும். தலை ஆடினால் மீன் இல்லை. முதல் கிழமை மனிதர் வெறும் பருப்போடுதான் சாப்பிட்டாராம்.

ஜூலை கடைசியில் தலை நின்றுவிட்டது. அதிலிருந்துதான் கரைச்சல் தொடங்கியது. நாங்கள் ஒருவர் கதைக்கும்போது மற்றவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தால்தான் கதை ஓடும். வரதண்ணை கல்லுப்போல நின்று கேட்டார். கோயிலில் ஒருவர் தன் வருத்தத்தைச் சொல்லிக்கொண்டுபோய், இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிட்டாராம். தலை அசையாவிட்டால் தமிழில் அதற்கு ஒரு பெயர் தயாராக இருக்கிறதல்லவா, 'வரதருக்குத் தலைக்கனம்' என்று கதை வந்தது. ஒரு நாள் படநாடாவை எடுக்க அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். விமலாக்கா குசினியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான்தான் பழக்கினனான், எனக்கு வேணும்" என்றார். "இருபது வருசம் நான் கதைக்க அந்தத் தலை ஆடிக்கொண்டிருந்தது. இப்ப சுவரோடை கதைக்கிற மாதிரிக் கிடக்கு. கேக்கிறாரோ இல்லையோ எண்டும் தெரியேல்லை."

வரதண்ணை உள்ளே வந்து இதைக் கேட்டுவிட்டார். "சரி விமலா, முகமூடி போட்டால் மட்டும்" என்றார். சொல்லிவிட்டு அவருக்காகவே ஒருதரம் வடிவாகத் தலையை ஆட்டிக் காட்டினார். விமலாக்கா அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் அப்போதுதான் நிம்மதியாக இருந்தது. பழைய வரதண்ணை எங்கும் போய்விடவில்லை என்று நினைத்தேன்.

ஓகஸ்ட் கடைசிக் கிழமை. புதன்கிழமை. கோப்பி நேரம். எங்கள் கிரிக்கெட் அணி இறுதியாட்டத்துக்கு வந்திருந்தது, ஞாயிறு திராமனில். அன்றைக்குக் காலை முறை எனக்கு. வழக்கம்போலப் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தேன்.

"வரதண்ணை, இந்த ஞாயிறு என்ரை வக்ட்டை எடுக்கிறியளோ? பைனல்."

அவருடைய ஆட்டமும் அந்த ஞாயிறுதான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நான் படம் பிடித்தவன், தேதி கேட்டவன். ஆனால் கேட்கும்போது அது என் நினைவில் வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். வந்தது. எப்படியோ சமாளிப்பார், எப்போதும் சமாளித்தவர்தானே என்று ஒரு எண்ணம்.

தலை ஆடவில்லை. முகமூடியும் அவர் முகத்தில் இல்லை.

"இல்லை செல்வம்" என்றார். "எனக்கு அண்டைக்கு ஏலாது."

அவ்வளவுதான். மன்னிப்பும் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. கோப்பியைக் குடித்து முடித்துவிட்டுப் பட்டிக்குப் போனார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. அந்த வயதில் அப்படிக் கோபம் வந்தது வெட்கம்தான், ஆனாலும் வந்தது. பின்னால் கேட்கும்படி, "பந்தைப் பாத்துப் பந்து எண்டு சொல்லப் போறவருக்கு இனி எங்களைத் தெரியுமே" என்றேன். அவர் திரும்பவில்லை. வியாழனும் வெள்ளியும் அவரோடு நான் கதைக்கவில்லை. தலைக்கனம் என்ற கதையை நாலு பேரிடம் நானும் சொன்னேன். சனிக்கிழமை வேறு இரண்டு பேரைக் கேட்டேன். இருவருக்கும் ஏலாது, இருவரும் வாயால் சொன்னார்கள், எனக்கு அவர்கள்மேல் கோபமே வரவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. மற்றவர்கள் இல்லை என்று சொன்னால் அது பதில். அவர் சொன்னால் மட்டும் எனக்கு அது துரோகமாகப் பட்டிருக்கிறது.

ஞாயிறு காலை முறையை நானே செய்தேன். இரண்டு மணிக்கு முடிந்தது. திராமனிலிருந்து தொலைபேசி வந்தது: அணி வென்றுவிட்டது. நான் இல்லாமல், தலைவன் இல்லாமல், சுகமாக வென்றிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு திராமனிலேயே விருந்து, கிண்ணத்தை நடுவில் வைத்துப் படம் எடுப்போம், நீ கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். சரி என்றுவிட்டு பஸ் ஏறினேன். அந்த பஸ் பேஸ்போல் மைதானத்தைத் தாண்டித்தான் போகும். இறங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இறங்கிவிட்டேன்.

தட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பி வலைக்கு அப்பால் நாலைந்து வாங்குகள். விமலாக்கா தடித்த ஜக்கெற்றோடு ஒன்றில் இருந்தார், மடியில் ரோல்ஸ் பெட்டி. என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் தள்ளி இடம் கொடுத்தார். கொஞ்சம் தூரத்தில் ரங்ஹில்ட், முழங்காலில் தாள் வைத்து எழுதிக்கொண்டு.

"எப்பிடிப் போகுது அக்கா?"

"எனக்கென்ன தெரியும். தலை ஆடேல்லை. அதை மட்டும்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

எறிகிறவன் யார் என்று பார்த்தேன். ஸ்தைனார். கடைசிச் சுற்று. அவனுடைய அணி ஒரு ஓட்டத்தால் முன்னுக்கு நின்றது. எதிரணியில் இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள், இன்னும் ஒருவர் போனால் ஆட்டம் முடிந்தது. ஆனால் மூன்று தளங்களிலும் ஆட்கள் நின்றார்கள். அடிப்பவனுக்கு ஏற்கெனவே மூன்று போல், இரண்டு ஸ்ட்ரைக். நிலைமையை எனக்கு விளங்கப்படுத்தியது விமலாக்காதான், அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "இந்தப் பந்து ஸ்ட்ரைக் எண்டால் அந்த நெட்டையன் வெண்டிட்டான். போல் எண்டால் எல்லாரும் ஒரு தளம் நகர, இவங்களுக்கு ஒரு ஓட்டம் சும்மா வரும், சமன். எல்லாம் இவற்ரை வாயிலை கிடக்கு."

ஸ்ட்ரைக் என்று சொல்லிவிடுங்கோ அண்ணை என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவனுடைய முறைப்பாட்டால்தானே இந்தப் பாடு. அவனுக்கு வேண்டியதைச் சொன்னால் அவனும் சிரித்துக்கொண்டு போவான், எழுதுகிற அம்மாவுக்கும் ஒரு முறைப்பாடு குறையும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஆட்களைத் திருப்திப்படுத்தத் தெரிந்த மனிதர், இன்றைக்கு மட்டும் ஏன் மறக்க வேண்டும்?

ஸ்தைனார் எறிந்தான். அடிப்பவன் தடியை அசைக்கவில்லை. பந்து வேகமாக வந்து, கடைசியில் கொஞ்சம் பதிந்து, கையுறைக்குள் போய்ச் சத்தம் போட்டது. பிடித்தவன் கையுறையை மெதுவாக மேலே தூக்கினான், ஸ்ட்ரைக்போலக் காட்ட. ஸ்தைனார் இரண்டு கையையும் உயர்த்திவிட்டான்.

வரதண்ணையின் பின்னந்தலை மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. அது அசையவில்லை. ஒரு மூச்சு.

"போல்."

மைதானம் முழுக்கக் கேட்டது. மூன்றாம் தளத்தில் நின்றவன் நடந்து வந்து தட்டை மிதித்தான். ஸ்தைனார் கையை இறக்காமலே தட்டை நோக்கி நடந்து வரத் தொடங்கினான். விமலாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கே?" என்று கேட்டான் ஸ்தைனார், கிட்ட வந்து.

"தாழ்வு" என்றார் வரதண்ணை.

"எவ்வளவு?"

வரதண்ணை ஒரு விரலின் அகலத்தைக் காட்டினார். ஸ்தைனார் அவரைப் பார்த்தான். பிறகு கீழே குந்தியிருந்த தன்னுடைய ஆளைப் பார்த்தான். பந்தைப் பிடித்தவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். ஸ்தைனார் திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றான். அடுத்த அடியில் அவனுடைய அணி தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் ரங்ஹில்ட் தாளோடு வந்தார். நானும் விமலாக்காவும் வலைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டோம்.

"மூன்றாம் சுற்றில் ஒன்றைத் தவறவிட்டாய்" என்றார்.

"ரெண்டு" என்றார் வரதண்ணை. "வெளிப்பக்கம் போனதும் பிழை."

ரங்ஹில்ட் தாளைப் பார்த்தார், பேனையால் ஏதோ திருத்தினார். "அடுத்த ஞாயிறு இறுதியாட்டம். தட்டுக்குப் பின்னால் நீதான்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கொடுத்தார். விமலாக்கா ரோல்ஸ் பெட்டியைத் திறந்து ரங்ஹில்ட்டுக்குத்தான் முதலில் நீட்டினார்.

வரதண்ணை வாங்கில் குந்தி, கால் கவசத்தின் வார்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போனேன்.

"நான் பிழை விட்டிட்டன் அண்ணை" என்றேன். "அண்டைக்கு அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது. கேட்டிருக்கவே கூடாது."

அவர் ஒரு வாரைக் கழற்றி முடித்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. முதல்தடவையாக ஏதோ பாரமானதைத் தூக்கப் போகிறவரைப்போலத் தயங்கினார்.

"செல்வம்" என்றார். "அடுத்த ஞாயிறு எனக்கு வக்ட் கிடக்கு. நீர் எடுப்பீரோ?"

ஒன்பது வருடத்தில் அந்த மனிதர் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல்தடவை. கேட்கும்போது அவருடைய குரல் கொஞ்சம் நடுங்கியது, தட்டுக்குப் பின்னால் நடுங்காத குரல். நான் இல்லை என்றுவிடுவேனோ என்று அவர் பயந்தார். நான் எத்தனை தரம் அவரைக் கேட்டிருப்பேன், ஒருதரமாவது எனக்கு அந்தப் பயம் வந்ததா?

"ஓம் அண்ணை, எடுக்கிறன்" என்றேன்.

"உமக்கு வேறை அலுவல் ஒண்டும் இல்லையே?"

"ஒண்டும் இல்லை" என்றேன்.